தேதி தாண்டிய பூஜ்யம்

பெயர் ஜோயல், வயது 26, தந்தை பெயர் ஜெபகுமார், மாதா கோவில் தெரு, சேரப்பணஞ்சேரி, படப்பை வழி. திருமதி மதிவதனி கொடுத்த மனுவின் மீதான விசாரணைக்கு அழைக்கப்பட்டு, காவல் ஆய்வாளர் அவர்கள் முன்னிலையில் கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் பெற்றோருடன் வசித்து வருகிறேன். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். பிரஷர் கேஜோ டார்க் ரெஞ்சோ, அளக்கும் கருவி எதுவானாலும் அது காட்டுவது சரிதானா என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பார்த்து, அடுத்த சோதனைத் தேதியை எழுதி ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. தேதி தாண்டிய கருவி காட்டுவதை யாரும் எழுதக்கூடாது. போன ஆடிட்டில் ஒரே ஒரு டார்க் ரெஞ்ச் தேதி தாண்டி லைனில் கிடந்ததற்கு எனக்கு மெமோ கொடுத்தார்கள். இதெல்லாம் இங்கே எதற்கு என்று எழுத்தர் அய்யா கேட்டார். விஷயமே இதுதான், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

எங்கள் வீட்டு மாடியில் அருள்பாண்டி என்பவரும் அவர் மனைவி மேற்படி மதிவதனியும் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். சாத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். அருள்பாண்டி என் தொழிற்சாலையிலேயே, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். ஒரே ஷிப்ட் வந்தால் என் பைக்கில்தான் வருவார்.

அவருக்குக் கணையத்தில் நாள்பட்ட வீக்கம். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு அது. அதன் குழாய்க்குள் கல் அடைத்திருந்தது. பள்ளியில் படிக்கும்போதே ஆரம்பித்த வலி என்று சொல்வார். வலி வந்தால் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிடுவார். சாப்பாட்டோடு ஒரு மாத்திரை விழுங்கினால்தான் எண்ணெய்ப் பொருள் செரிக்கும், இல்லாவிட்டால் மலத்தோடு அப்படியே வெளியே வந்துவிடும். குடிவந்த புதிதில், மாடிக் கக்கூஸில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் எண்ணெய் மிதக்கிறது என்று என் தாயார் கீழே இருந்து சத்தம் போட்டார். "இன்னா பாண்டி, மேல பஜ்ஜி சுட்டு எண்ணெய அங்கயா ஊத்திக்கினு கீறீங்க?" அவர் நேராகக் கடைக்குப் போய் பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்தார். அதன் பிறகு மதிவதனி இறங்கி வந்து என் தாயாரிடம் விஷயத்தைச் சொன்னார். கணையம் கெட்டதால் சர்க்கரை நோயும் வந்து, சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

குடித்தால்தான் கணையம் போகும் என்று ஷாப்பில் எல்லோரும் பேசுவார்கள். நான் நம்பினேனா என்று ஆய்வாளர் அவர்கள் கேட்டார்கள். நம்பினேன் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. பின்னால் உட்கார்ந்து வருகிறவரிடம் வாசனை வந்தால் எனக்குத் தெரியும். ஒருநாளும் வந்ததில்லை. இப்போது இல்லாவிட்டாலும் முன்பு குடித்திருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன். "கோயில் தீர்த்தத்தத் தவிர ஒண்ணும் உள்ள போனதில்ல மாப்ள. ஏன் வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியல, எனக்கு எங்குட்டுத் தெரியும்" என்றார். காரணம் தெரியாத பழுது என்று நான் ரிப்போர்ட் எழுதினால் என் மேலாளர் முகத்தில் விட்டெறிவார். அதனால் எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

கல்லை எடுத்துவிட்டுக் குழாயைக் குடலோடு சேர்த்துத் தைக்கும் ஆபரேஷனுக்கு, தீபாவளி கழித்து அவருக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். குடிப்பழக்கம் உள்ளவர்களை அந்த மருத்துவமனையில் உடனே எடுப்பதில்லை, குடியை விட்டுப் பல மாதம் ஆக வேண்டும், இவருக்கு அந்தப் பழக்கம் இல்லாததால்தான் தேதி கிடைத்தது என்று மதிவதனி சொல்லி எனக்குத் தெரியும்.

இந்த வருடம் ஆயுத பூஜையை, விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில் தொழிற்சாலையில் வைத்தார்கள். காலையில் அருள்பாண்டியும் நானும் என் பைக்கில் போனோம். முந்தின இரவு வலி இருந்ததால் அவர் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அன்று யூனிபார்ம் கிடையாது, எல்லோரும் வேட்டி சட்டை. அருள்பாண்டியின் யூனிபார்ம் பேண்ட் பையில் எப்போதும் மிட்டாய் கிடக்கும். சர்க்கரைக்காரர் எதற்கு மிட்டாய் வைத்திருக்கிறார் என்று நான் கேட்டதில்லை, திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று நினைத்திருந்தேன். அன்று அந்த பேண்ட் லாக்கரில் இருந்தது.

நான் கிறிஸ்தவன், கற்பூரம் காட்ட மாட்டேன். என் பிரிவுக் கருவிகளைத் துடைத்துக் கொடுத்தேன், அவர்கள் வெள்ளைத் துணியில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஸ்டிக்கர் மேல் சந்தனம் படக்கூடாது என்று நான் சண்டை போட்டதற்கு, "உன் ஸ்டிக்கருக்கும் சேத்துதான்பா பூஜ" என்று சிரித்தார்கள்.

பிரஸ் ஷாப்காரர்களுக்கு வழக்கமாக முதல் பந்தியிலேயே சாப்பாடு. அருள்பாண்டி அந்த நேரத்தை வைத்து ஊசி போட்டுக்கொள்வார். அன்றும் போட்டுவிட்டார். ஆனால் அன்று பூஜை முடியாமல் கேன்டீன் திறக்கவில்லை. பூசணிக்காய் உடைக்க வேண்டிய பெரிய அதிகாரியின் கார் இருங்காட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கமே டிராஃபிக்கில் நிற்கிறது என்று சொன்னார்கள். அருள்பாண்டி என் பக்கத்தில் வந்து, "ஊசியப் போட்டுட்டேன் மாப்ள, சோறு எப்பம் போடுவாங்க?" என்று கேட்டார். "பூசணி உடஞ்சா சோறு" என்று நான் சொன்னேன். ஊசி போட்டால் சாப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியாது. பசிக்கும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அதிகாரி வந்து பூஜை முடிந்து, பொரி கடலைப் பொட்டலமும் ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தார்கள். அருள்பாண்டி ஆள் இல்லாததால் அவருடைய பாக்ஸையும் நானே வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு கேட்டுக்கு வெளியே பைக் ஸ்டாண்டில் அவரவர் வண்டிக்குப் பூஜை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். அந்த நேரத்தில் சிலர் சைடில் போய் ஒரு கட்டிங் போட்டுவிட்டு வருவது வருடா வருடம் நடப்பதுதான். அதனால்தான் திரும்பி உள்ளே வரும் எல்லோரையும் கேட்டில், குடித்திருந்தால் காட்டும் மூச்சுக் கருவியில் ஊதச் சொன்னார்கள்.

நான் கேட்டுக்கு வந்தபோது செக்யூரிட்டி சூப்பர்வைசர் ஜெகநாதன் என்பவர் அருள்பாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அருள்பாண்டியின் சட்டை வியர்வையில் முழுக்க நனைந்திருந்தது, எங்கோ விழுந்து எழுந்தவர் போல வேட்டியில் நசுங்கிய எலுமிச்சையின் கொட்டைகள் ஒட்டியிருந்தன. "இன்னா அருளு, சோத்துக்கு முன்னாடியே ஏத்திக்கினியா? நல்ல புள்ளனு பாத்தா நீயும் அந்த பார்ட்டிதானா?" என்று ஜெகநாதன் கேட்டார். அருள்பாண்டி, "தள்ளுல, யார்ல நீ" என்று அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். மூத்தவர்கள் எல்லோரையும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஆள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

அவரை ஊதச் சொன்னார்கள். ஊதினார். கருவி பூஜ்யம் காட்டியது. மறுபடி ஊதச் சொன்னார்கள். மறுபடியும் பூஜ்யம். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். இந்த வரியை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஜெகநாதன் என்னிடம் கருவியை நீட்டி, "ஜோயலு, ஆளப் பாத்தா ஃபுல்லா கீறான், மிஷினப் பாத்தா நல்லவன்னுது. இதுல எது ராங்கு?" என்று கேட்டார். நான் கருவியைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கரில் உள்ள தேதி முந்தின வாரமே முடிந்திருந்தது. பூஜை வேலையில் செக்யூரிட்டி ஆட்கள் அதைச் சோதனைக்கு அனுப்பவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. "தேதி தாண்டிடிச்சு ஜெகண்ணா. இந்த ரீடிங் செல்லாது" என்று சொன்னேன். "அப்ப தண்ணினே எழுதிக்கட்டா?" என்று கேட்டார். "இன்னா வேணா எழுதிக்கோங்க, இந்தப் பூஜ்யத்த எழுதாதீங்க. ஆடிட்ல என் தலதான் உருளும்" என்று சொன்னேன். அவர் கேட் ரெஜிஸ்டரில், குடிபோதையில் வந்தார், கருவி சரியில்லை என்று எழுதினார். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

செல்லாது என்றுதான் சொன்னேன். குடித்தார் என்று சொல்லவில்லை. ஒரு கருவியின் பூஜ்யத்தை நம்பக்கூடாது என்றால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடாது, தெரியாது என்றுதான் ஆகும். இது முதல் வருட டிப்ளமோ மாணவனுக்கே தெரியும். எனக்கு அந்த இடத்தில் தெரியவில்லை.

அதன் பிறகு அருள்பாண்டி என் கையில் இருந்த ஸ்வீட் பாக்ஸைப் பார்த்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். மேல் அட்டை கிழிந்தது. "குடு, குடு" என்று மட்டும் சொன்னார். நான் பாக்ஸை என் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "சுகர வச்சிக்கினு ஸ்வீட்டு கேக்குதா உனக்கு? அண்ணி என்னைத்தான் திட்டும்" என்று சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு ஜெகநாதன், போதை இறங்கட்டும் என்று டயருக்கு வைத்தது போக மீதி இருந்த எலுமிச்சையைப் பிழிந்து தண்ணீரில் கலக்கினார். சர்க்கரை எடுத்தவரை நான்தான் தடுத்தேன். "சுகர் பேஷண்ட் ஜெகண்ணா, உப்பு போடுங்க" என்று சொன்னேன். உப்புப் போட்டுக் கொடுத்தார். பாதி வாயிலேயே நிற்காமல் வழிந்தது. அவரை செக்யூரிட்டி அறையில் பெஞ்சில் படுக்க வைத்தோம். குறட்டை விட்டார். குறட்டை விட்டால் தூங்குகிறார் என்று அர்த்தம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நான் கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அன்று சேமியா பாயசம். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். இது தேவையில்லை என்று எழுத்தர் அய்யா சொன்னார். இருக்கட்டும் என்று சொன்னேன்.

சாப்பிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது அருள்பாண்டிக்கு வலிப்பு வந்து, வாயில் நுரை தள்ளி, பெஞ்சில் இருந்து கீழே கிடந்தார். ஆம்புலன்ஸில் நானும் ஏறிப் போனேன். மருத்துவமனையில் நர்ஸ் விரலில் குத்தி ஒரு சின்னக் கருவியில் சர்க்கரை பார்த்தார். இருபத்தாறு காட்டியது, எழுபதுக்குக் கீழே போகக்கூடாதாம். நான் அந்தக் கருவியில் சோதனைத் தேதி ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. "இது எப்ப சிஸ்டர் செக் பண்ணது, ரீடிங் கரெக்டா?" என்று கேட்டேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்.

அதன் பிறகு டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். சாதாரணச் சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் அதை ஏற்றிவிட உடம்பிலேயே இன்னொரு சுரப்பு உண்டு, அதுவும் கணையத்தில்தான் சுரக்கிறது, இவருக்குக் கணையமே அழிந்துவிட்டதால் இறக்கிவிடுவதும் கிடையாது, ஏற்றிவிடுவதும் கிடையாது, அதனால் ஊசி போட்டு இறங்க ஆரம்பித்தால் கிடுகிடுவென்று இறங்கும் என்றார். வியர்வை, தடுமாற்றம், கோபம், உளறல் எல்லாம் அதனால்தான் வரும் என்றார். பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டேன். "குடிச்சவன் மாதிரியே இருக்கும்" என்றார். ஒரு ஸ்பூன் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். விழுங்கும் நிலையில் இருந்தபோது கொடுத்திருந்தால் போதும் என்றார். கையில் ஸ்வீட் பாக்ஸ் இருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. மதிவதனியிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

அதற்குள் எங்கள் தொழிற்சாலை மனிதவளப் பிரிவில் இருக்கும் பூஜா என்பவர் ரெஜிஸ்டரைப் பார்த்து மருத்துவமனைக்குப் போன் செய்து, ஆள் குடித்துவிட்டு வந்தவர் என்று சொல்லியிருக்கிறார். கேஸ் ஷீட்டிலும் அப்படியே ஏறிவிட்டது. ரத்தத்தில் மது இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. அதன் பிறகு கேட்டபோது இனிமேல் பார்த்துப் பயனில்லை என்றார்கள்.

மதிவதனி தான் வேலை செய்யும் கம்பெனியில், ஷிப்டில் இருந்து நேராக ஓடிவந்தார். அவருக்கும் போனில் அதையே சொல்லியிருந்தார்கள். "இந்த வயித்து வலியப் பாத்துட்டுக் குடிகாரன்னு சொல்லித்தான் எங்கய்யா எனக்குக் கட்டிக்குடுக்க மாட்டேன்னாரு. சண்ட போட்டுல்ல கட்டுனேன். இப்ப எழுதியே குடுத்துட்டியளாக்கும்" என்று சொல்லிவிட்டு அவரைப் பார்க்க உள்ளே போனார்.

அருள்பாண்டிக்குச் சில நாள் கழித்துத்தான் நினைவு திரும்பியது. மனைவியைத் தெரிகிறது, என்னையும் தெரிகிறது. கை இன்னும் நடுங்குகிறது, எண்ணும்போது நடுவில் விட்டுவிடுகிறார். அன்று காலை பைக்கில் ஏறியதற்குப் பிறகு எதுவும் நினைவில் இல்லை. நான் பார்க்கப் போன அன்று மதிவதனி வெளியே போகும்வரை காத்திருந்து என்னிடம், "மாப்ள, எல்லாரும் சொல்லுதாங்க. நான் குடிச்சிருப்பேனோ?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் நான் அந்த மூச்சுக் கருவியைச் சோதனைக்கு எடுத்தேன். எங்கள் முறைப்படி, கருவியில் கை வைத்துச் சரிசெய்வதற்கு முன்னால், வந்தது வந்தபடி அது என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால், போன சோதனையில் இருந்து அதுவரை அது காட்டிய எல்லாமே செல்லும், தேதி தாண்டிய பிறகு காட்டியதும் செல்லும். சுத்தக் காற்றில் பூஜ்யம் காட்டியது. அளவு தெரிந்த ஆல்கஹால் வாயுவைக் கொடுத்தபோது அதே அளவைக் காட்டியது. கருவியில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் அந்தப் பூஜ்யம் செல்லும். நான் செல்லாது என்று சொன்னதும் முறைப்படிதான், இப்போது செல்லும் என்று சொல்வதும் அதே முறைப்படிதான். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நான் எந்தப் படியில் தப்புச் செய்தேன் என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

இதைப் பூஜாவிடம் சொன்னேன். "உங்க சைன் இருக்கே ஜோயல். அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணுன்னா நாங்க எதை எடுத்துக்கறது? ஹாஸ்பிடல்ல மாத்திக் குடுக்கட்டும், நானும் மாத்துறேன்" என்றார். மருத்துவமனையில் கேட்டேன். கம்பெனியில் சொன்னதைத்தான் எழுதினோம், அவர்கள் மாற்றி எழுதிக் கொடுத்தால் நாங்களும் மாற்றுகிறோம் என்றார்கள். இதற்கிடையில் அருள்பாண்டியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அந்தக் கேஸ் ஷீட்டைப் பார்த்து, ஆபரேஷன் செய்ய இருந்த மருத்துவமனையில் அவர் தேதியையும் எடுத்துவிட்டார்கள். குடியை நிறுத்தி ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். குடிக்காதவர் எந்தத் தேதியில் இருந்து நிறுத்துவது என்று மதிவதனி அங்கே கேட்டிருக்கிறார்.

அதன் பிறகுதான் அவர் இங்கே மனு கொடுத்தார். யாருக்கும் தண்டனை வேண்டும் என்று அதில் கேட்கவில்லை, குடிபோதை என்ற அந்த ஒரு வார்த்தையை எடுக்க வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார். நேற்று எங்கள் வாசலில் நின்று என்னிடம், "நீ பாத்தது பூஜ்யந்தான தம்பி? பாத்தேன்னு மட்டும் போயிச் சொல்லு. உன்னை நல்லவன்னு சொல்லச் சொல்லல, அவுகள நல்லவுகன்னும் சொல்ல வேண்டாம்" என்றார். அதனால் வந்தேன். இதற்காக எனக்கு மறுபடி மெமோ வந்தாலும் வரட்டும். ஸ்வீட் பாக்ஸ் விஷயத்தை அவர் இதில் படித்துத்தான் தெரிந்துகொள்வார். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அருள்பாண்டி அன்று குடித்திருக்கவில்லை. கருவி பூஜ்யம் காட்டியது. இரண்டு முறை காட்டியது. கருவி சரியாக இருந்தது.

மேலே எழுதியதை எழுத்தர் அய்யா எனக்குப் படித்துக் காட்டினார். கேட்டில் நடந்ததைச் சொல்லும் இடத்தில், "குடிபோதையில் இருந்த அருள்பாண்டியை ஊதச் சொன்னார்கள்" என்று எழுதியிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. கேட்டதற்கு, பழக்கத்தில் வந்துவிட்டது தம்பி, அர்த்தம் மாறாது, விடு என்றார். விட மாட்டேன் என்று சொன்னேன். அந்த வார்த்தைகளை அடித்துவிட்டு "அவரை ஊதச் சொன்னார்கள்" என்று மாற்றினார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் நான் சிறிய கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மீதி எல்லாம் நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்)
ஜோயல்